சேலத்துக்கு எது, ஏற்காட்டுக்கு எது? கிறிஸ்துமஸ் அடுப்புக்கு ஒரு தேர்வு

கிறிஸ்துமஸ் என்றால் பிளம் கேக் என்று யார் சட்டம் போட்டார்கள் என்று தெரியவில்லை. உலகத்தில் பாதி நாடுகள் அதைச் செய்வதே இல்லை. ஜெர்மனியில் ஒன்று, இத்தாலியில் ஒன்று, கடல் தாண்டினால் இலங்கையில் வேறொன்று. குடிப்பதற்கும் அப்படித்தான். இவற்றில் நம் வீட்டு அடுப்புக்கும், நம் ஊர் வெயிலுக்கும், நம் தெருவில் தட்டு வாங்கும் வீடுகளுக்கும் எது பொருந்தும் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

எதைச் செய்வது என்று முடிவெடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். சேலத்தில் செய்கிறீர்களா, ஏற்காட்டிலா? தட்டு யார் யார் வீட்டுக்குப் போகிறது? வீட்டில் ஓவன் இருக்கிறதா? கேக்கின் பெயரும் புகழும் இதற்கெல்லாம் பிறகுதான்.

முதல் கேள்வி பலர் கணக்கிலேயே எடுக்காதது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவு என்பதால் பேக்கிங் பவுடர் தரும் வாயு அதிகமாக விரியும். கேக் சட்டென்று எழும்பி நடுவில் குழியும். அஸ்தம்பட்டியில் அருமையாக வந்த ஸ்பாஞ்ச் கேக் அதே அளவுகளோடு ஒண்டிக்கடைப் பக்கத்து வீட்டில் சட்டிபோல் அமுங்குவதற்குக் காரணம் கைப்பக்குவம் இல்லை. மேலே செய்பவர்கள் பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைக்க வேண்டும், ஒன்றிரண்டு தேக்கரண்டி பால் கூட்ட வேண்டும், ஓவன் சூட்டைப் பத்து டிகிரி ஏற்ற வேண்டும். கீழே சேலத்திலோ தொல்லை வேறு. டிசம்பரிலும் மதியம் முப்பது டிகிரியைத் தொடும். வெண்ணெயால் அழகு காட்டும் எதுவும் அங்கே பிற்பகலைத் தாண்டாது.

முதலில் பிளம் கேக்கையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் வழி வந்தது. 1883-ல் தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு, மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி கொடுத்த மாதிரியைப் பார்த்துச் செய்த கேக்தான் இந்தியாவில் உருவான முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதன் பலம் சுவையில் மட்டும் இல்லை, ஆயுளில் இருக்கிறது. உலர்திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் ரம்மிலோ பிராந்தியிலோ வாரக்கணக்கில் ஊறும். சுட்ட பிறகும் அவ்வப்போது ஒரு கரண்டி மது ஊற்றுவார்கள். அதனால்தான் இந்தக் கேக் ஒரு மாதம் கெடாது, நாளாக நாளாக ருசி கூடும்.

ஆனால் நம் தெருவில் பாதி வீடுகளுக்கு மது ஊற்றிய கேக்கை அனுப்ப முடியாது. சுட்டால் மது ஆவியாகிவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். முழுவதும் ஆவியாவதில்லை. சுட்ட பிறகு ஊற்றியதோ அப்படியே இருக்கும். ஆகவே பலரும் ஆரஞ்சுச் சாற்றில் ஊற வைக்கிறார்கள். நல்ல வழிதான். பழங்களைச் சாற்றோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் வைத்தால் போதும். ஆனால் இந்தக் கேக் சேலத்து வெப்பத்தில் வெளியே நாலைந்து நாளுக்கு மேல் தாங்காது. மதுவை எடுத்தால் ஆயுளும் போகிறது. ஆயுள் போன பிறகு இத்தனை பாடுபட்டு இதையே ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்வி நியாயமானது.

இதில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று உண்டு: கருக்கிய சர்க்கரை. கடைக் கேக்குகளின் நிறம் பெரும்பாலும் புட்டியிலிருந்து வருவது. வீட்டில் செய்தால் அடி கனமான பாத்திரத்தில் சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் போட்டு, மிதமான தீயில் உருகவிட வேண்டும். பொன்னிறம், தேன் நிறம், செம்மரப்பட்டை நிறம் என்று மாறிக்கொண்டே போகும். ஓரத்தில் நுரை கட்டி, மெல்லிய புகை ஒரு கோடாக எழும்பும் நொடியில் அடுப்பை அணைத்து, வெந்நீரை ஓரமாக ஊற்ற வேண்டும். சீறும், தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஐந்து நொடி விட்டால் கசப்பு. இந்தக் கசப்புக்கும் இனிப்புக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் பிளம் கேக்கின் உயிர் இருக்கிறது. டிரினிடாட், ஜமைக்கா போன்ற கரீபியன் தீவுகளின் கறுப்புக் கேக்கும் இதே கருக்கிய சர்க்கரையை நம்பியதுதான். அவர்கள் பழங்களை அரைத்தே சேர்ப்பார்கள். மது இல்லாமல் அதற்கு அர்த்தமே இல்லை என்பதால் அது நம் பட்டியலில் இல்லை.

என் முடிவு இது. நவம்பரிலேயே பழம் ஊற வைத்தவர்கள் பிளம் கேக் செய்யுங்கள். மற்றவர்கள் நல்ல அடுமனையில் வாங்கிவிட்டு, அடுப்பை வேறு ஒன்றுக்குக் கொடுங்கள்.

முட்டை சாப்பிடாத வீடுகள் என்றதும் எல்லோரும் "முட்டையில்லாத பிளம் கேக்" செய்முறை தேடுகிறார்கள். கண்டென்ஸ்டு மில்க், வினிகர், சோடா என்று ஒன்றுக்குப் பதில் மூன்று. பிறவியிலேயே முட்டை இல்லாத பண்டங்கள் இருக்கும்போது ஏன் இந்த மாறுவேடம்? இரண்டு பண்டங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, ஜெர்மனியின் ஷ்டோலன். டிரெஸ்டன் நகரத்தின் பெருமை. 1474-ம் ஆண்டு மருத்துவமனைக் கணக்கு ஒன்றிலேயே இதன் பெயர் வருகிறது. அன்று அது ஏழை ரொட்டி. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நோன்பு வாரங்களில் வெண்ணெய்க்குத் தடை, ஆகவே மாவும் தண்ணீரும் எண்ணெயும்தான். வெண்ணெய் சேர்க்க அனுமதி கேட்டு ஆட்சியாளர்கள் ரோமுக்கு எழுதிக்கொண்டே இருந்து, 1491-ல் போப் எட்டாம் இன்னசென்ட் இசைந்தார். 1730-ல் அகஸ்டஸ் மன்னர் ஏறத்தாழ 1.8 டன் எடையில் ஒரு ஷ்டோலன் செய்யச் சொல்லி விருந்து வைத்தார். நோன்பிலிருந்து டன் கணக்குக்கு வந்த கதை! இன்றும் டிரெஸ்டன் முறையில் மாவு, வெண்ணெய், பால், ஈஸ்ட், உலர்திராட்சை, பாதாம், சர்க்கரைப்பாகில் ஊறிய ஆரஞ்சு, நாரத்தைத் தோல்கள் இவைதான் அடிப்படை. நம் ஊர் நாரத்தங்காய்த் தோல் தடிமனானது, இதற்கென்றே படைத்தது போல் பொருந்தும். ஊறுகாய்க்குப் போனது போக இரண்டு எடுத்து வையுங்கள். கசப்பு போக மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவிட்டுப் பிறகு பாகில் போட வேண்டும்.

ஷ்டோலன் ஏற்காட்டுக்குரிய பண்டம் என்பது என் உறுதியான கருத்து. உயரத்தில் ஈஸ்ட் மாவு வேகமாக எழும்பப் பார்க்கும், டிசம்பர்க் குளிர் அதைப் பிடித்து நிறுத்தும். இரண்டும் சமனாகி, மாவு நிதானமாக, மணத்தோடு புளிக்கும். மிகவும் குளிராக இருந்தால் அணைத்த ஓவனுக்குள் ஒரு பாத்திரம் வெந்நீரோடு வைத்துவிடலாம். சுட்டு எடுத்த சூட்டிலேயே உருக்கிய வெண்ணெயை மேலெல்லாம் தடவி, அதன்மேல் பொடித்த சர்க்கரையைத் தடிமனாகப் போர்த்த வேண்டும். துணியில் சுற்றிய குழந்தை இயேசு என்று அந்த வடிவத்துக்குப் பொருள் சொல்வார்கள். அந்த வெண்ணெய்ப் போர்வைதான் ரொட்டியைக் காய்ந்துபோகாமல் காக்கிறது. குளிரில் அது வெள்ளையாக உறைந்து நிற்கும், இரண்டு வாரம் ஊறினால் சுவை முதிரும். சேலத்தில் அதே போர்வை மறுநாள் மதியத்துக்குள் கசிந்து, சர்க்கரை பிசுபிசுத்துக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே வைக்கும் பாதாம் விழுதுக்குப் பதில் முந்திரி விழுது வைத்தால் ஜெர்மானியர் யாரும் வழக்குப் போட வரமாட்டார்கள்.

இரண்டாவது, ஸ்காட்லாந்தின் ஷார்ட்பிரெட். சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு. அவ்வளவே. முட்டை இல்லை, மது இல்லை, பேக்கிங் பவுடர்கூட இல்லை என்பதால் மலையிலும் கீழேயும் ஒரே மாதிரி வரும். மொறுமொறுப்புக்காக மாவில் ஒரு பகுதியை அரிசி மாவாகச் சேர்ப்பது அவர்களுடைய பழைய வழக்கம், நம் ஒட்டு இல்லை. காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று வாரம் நிற்கும். இருபது வீட்டுக்குத் தட்டு அனுப்புபவர்களுக்கு அச்சு முறுக்குக்குப் பக்கத்தில் வைக்க இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. ஏற்காட்டில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்த கலெக்டர் காக்பர்ன் ஸ்காட்லாந்துக்காரர். 1820-களில் இங்கே இருந்தவர். காப்பியோடு இந்தப் பிஸ்கட்டையும் விட்டுச் சென்றிருக்கலாம், விட்டாரா என்பது வேறு விஷயம். சேலத்தில் செய்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: மாவைப் பிசைந்ததும் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, விடியற்காலையில் வெட்டிச் சுடுங்கள்.

இத்தாலியின் பனெத்தோனே பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மிலான் நகரத்துப் பெருமை. முட்டை மஞ்சள், வெண்ணெய், பழம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று 2005-ல் அரசாணையே போட்டிருக்கிறார்கள், வெண்ணெய் மட்டும் 16 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இயற்கைப் புளிப்பு மாவை நாள்கணக்கில் வளர்த்து, சுட்டதும் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆறவைக்க வேண்டும். நம் வீட்டுச் சின்ன ஓவனில் அந்த உயரத்துக்கே இடமில்லை. பிரான்ஸின் மரக்கட்டைக் கேக், அதாவது சுருட்டிய ஸ்பாஞ்சின்மேல் வெண்ணெய்க் கிரீம் பூசிப் பட்டை போல் கீறிவிடுவது, படத்துக்கு அழகு. ஏற்காட்டில் ஸ்பாஞ்ச் அமுங்கும், சேலத்தில் கிரீம் வழியும். இரண்டு இடத்திலும் தோற்கும் பண்டம் இது ஒன்றுதான்.

இனி நான் சேலத்துக்கு முதலிடம் கொடுக்கும் பண்டத்துக்கு வருகிறேன். இலங்கையின் ரவைக் கேக். அங்கே இரண்டு வகை உண்டு. கிறிஸ்துமஸுக்கு உலர்பழமெல்லாம் நிறைத்து, துண்டு துண்டாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும் ரிச் கேக் ஒன்று. முந்திரியும் பூசணிப் பாகும் மட்டும் முன்னிற்கும் லவ் கேக் மற்றொன்று. இரண்டிலும் மாவுக்குப் பதில் ரவை. நான் பரிந்துரைப்பது இரண்டாவதை, ஏனென்றால் பொருள்கள் எல்லாம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. காசி அல்வாவுக்கு வாங்கும் அதே வெண்பூசணியைப் பொடியாக நறுக்கிச் சர்க்கரைப்பாகில் கண்ணாடியாகும் வரை காய்ச்சிக்கொள்ளலாம். ஜாதிக்காய், ஏலம், பட்டை செவ்வாய்ப்பேட்டையில் கிடைக்கும். பன்னீரும் தேனும் எங்கும் உண்டு.

செய்வது எளிது, ஆனால் அவசரம் கூடாது. ரவையை வாசம் வரும்வரை மட்டும், நிறம் மாறாமல் வறுத்து, சூட்டிலேயே வெண்ணெயில் கலந்து ஒரு மணி நேரம் மூடிவைக்க வேண்டும். ரவை வெண்ணெயைக் குடித்து உப்பியிருக்கும், விரலில் எடுத்து நசுக்கினால் நறுக்கென்று உடையாமல் மசியும். இந்தப் பதம் வராமல் அடுத்த கட்டத்துக்குப் போனால் கேக் வாயில் மணல். முந்திரியைப் பொடிக்கக் கூடாது, கத்தியால் பொடியாக நறுக்க வேண்டும். கால் கிலோ ரவைக்கு எட்டு முதல் பத்து மஞ்சள் கரு சேரும். முட்டை விஷயத்தில் நமக்கு என்ன குறை, பக்கத்திலேயே நாமக்கல். குறைந்த சூட்டில், 150 டிகிரியில் நிதானமாகச் சுட்டால் மேலே ஏடு கட்டினாற்போல் மொறுமொறுப்பும் உள்ளே ஈரமும் நிற்கும். குச்சி குத்திச் சோதிக்காதீர்கள், இந்தக் கேக்கில் குச்சி சுத்தமாக வந்தால் அதிகம் சுட்டுவிட்டீர்கள் என்று பொருள். அடர்த்தியான பண்டம் என்பதால் எழும்புவதையோ அமுங்குவதையோ பற்றிய கவலை இல்லை. சர்க்கரையும் வெண்ணெயும் நிறைய இருப்பதால் சேலத்திலும் ஒரு வாரம் நிற்கும். சின்னச் சதுரங்களாக வெட்டினால் போதும், இரண்டாவது துண்டு கேட்பவர் குறைவு, அத்தனை கனம்.

ஓவன் இல்லாத வீடு? அவர்களுக்கு இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் புட்டிங் இருக்கிறது. அது சுடுவதே இல்லை, ஆவியில் வேக வைப்பது. ரொட்டித் தூள், உலர்பழம், முட்டை, கரும்பழுப்புச் சர்க்கரை. மாட்டுக்கொழுப்பு சேர்ப்பது பழைய முறை. அதற்குப் பதில் உறைந்த வெண்ணெயைத் துருவிப் போடலாம், சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி இன்னும் நன்றாக இருக்கும். ஒரே பெரிய பாத்திரத்தில் ஆறு மணி நேரம் வேக வைப்பது காஸுக்குக் கேடு. டம்ளர்களில் பிரித்து ஊற்றி, காகிதம் கட்டி, இட்லிப் பானையில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் முடிந்தது. ஏற்காட்டில் இன்னும் அரைமணி கூட்டுங்கள், ஆவியின் சூடு அங்கே குறைவு. பிராந்தி ஊற்றிக் கொளுத்திக் காட்டும் சடங்கை, திரைச்சீலை உள்ள வீட்டில் யாரும் செய்ய வேண்டாம்.

குடிப்பதற்கு வருவோம். நம் பக்கத்து வீடுகளில் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை போட்டு ஜாடியைக் கட்டி வைக்கும் வழக்கம் உண்டு. உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அது பண்டிகைக்கும் பொருந்தும். ஆங்கிலோ இந்தியர் வீடுகளின் இஞ்சி ஒயின் பெயரில்தான் ஒயின். இஞ்சி, பட்டை, கிராம்பு, சர்க்கரை, எலுமிச்சை சேர்த்துக் காய்ச்சி வடிப்பது, புளிக்கவிடுவதில்லை. அதில் தொல்லை இல்லை. ஐரோப்பியர்களின் சூடாக்கிய ஒயினைச் சிலர் கொதித்ததால் மது போய்விட்டது என்று பிள்ளைகளுக்கும் ஊற்றுகிறார்கள். அதைக் கொதிக்க விடுவதில்லை, வெதுவெதுப்பாக்குவதுதான் முறை. மது பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது. அமெரிக்கரின் எக்நாக் பாலும் கிரீமும் முட்டையும் ஜாதிக்காயும். பச்சை முட்டையோடு பரிமாறாமல் 71 டிகிரி வரை கிளறிச் சூடாக்கினால் பாதுகாப்பு, ஆனால் ரவைக் கேக்கோடு அதையும் வைத்தால் திகட்டும்.

எனக்குப் பிடித்த இரண்டு பானங்கள் ஐரோப்பாவிலிருந்து வராதவை. மெக்சிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை, நமக்கு மார்கழி பிறக்கும் அதே நாளில் தொடங்கி, ஊர்வலமாக வீடு வீடாகப் போவார்கள். போனவர்களுக்குக் கொடுப்பது போஞ்சே. பெரிய அண்டாவில் கொய்யா, கரும்புத் துண்டு, ஆப்பிள், உலர்திராட்சை, பட்டை, புளி, வெல்லம் போட்டுக் காய்ச்சும் சூடான பழக் கஷாயம். ரம் விரும்புகிறவர்கள் கோப்பையில் தனியே ஊற்றிக்கொள்வார்கள், அண்டாவில் கலப்பதில்லை. ஆகவே இது எல்லா வீட்டுக்கும் பொதுவான பானம். பட்டியலைப் பாருங்கள், சேலத்துக்காரருக்கு எதையும் தேட வேண்டியதில்லை. அவர்களுடைய தெஹொகோத்தே என்ற சின்னப் பழம் மட்டும் இங்கே இல்லை, ஆப்பிளைக் கொஞ்சம் கூட்டினால் சரி. ஏற்காட்டுக் கொய்யா, லீ பஜார் வெல்லம். வெல்லம் வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சளை விட்டுக் கறுத்ததை எடுங்கள். கொய்யாவைக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் போட வேண்டும், முன்பே போட்டால் கரைந்து விதை மட்டும் மிதக்கும். குடித்து முடித்ததும் அடியில் கிடக்கும் கரும்பை மென்று துப்புவது பானத்தின் இரண்டாம் பாகம்.

மற்றொன்று சிலி நாட்டின் கோலா தெ மோனோ. அங்கே கிறிஸ்துமஸ் கோடையில் வருவதால் குளிரக் குடிப்பது: பால், காப்பி, சர்க்கரை, பட்டை, கிராம்பு, வனிலா, கொஞ்சம் சாராயம். கடைசியை நீக்கினாலும் பானம் நொண்டவில்லை. ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையை வாங்கிச் சிக்கரி இல்லாமல் அரைக்கச் சொல்லுங்கள், சிக்கரி ஆறியதும் கசப்பைக் காட்டும். பாலை மசாலாவோடு காய்ச்சி, கெட்டி டிகாஷனைக் கலந்து, வடித்து, ஒரு ராத்திரி குளிரவிட வேண்டும். சேலத்து மதிய விருந்துக்கு இதுதான்.

ஆக, கீழே இருப்பவர்களுக்கு ரவைக் கேக்கும் குளிர்ந்த காப்பியும். மேலே இருப்பவர்களுக்கு ஷ்டோலனும் சூடான போஞ்சேயும். தட்டுகளுக்கு எங்கிருந்தாலும் ஷார்ட்பிரெட். நள்ளிரவுத் திருப்பலி முடித்து அரிசிப்பாளையம் பேராலயத்திலிருந்து திரும்புகிறவர்கள் சேலத்திலும் போஞ்சே வைக்கலாம், அந்த நேரத்துக்கு ஒரு ஸ்வெட்டர் குளிராவது இருக்கும். நாரத்தங்காய்த் தோலை மட்டும் இந்த வாரமே பாகில் போட்டுவிடுங்கள். அதற்குப் பத்து நாள் வேண்டும், ஷ்டோலனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.